கருத்துத் திருட்டு நோட்டுப் புத்தகத்தில்தான் தொடங்குகிறது: மலைக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கையேடு

ப்ராஜெக்ட்டிலும் ஆய்வேட்டிலும் மாட்டிக்கொள்கிற எல்லோரும் திருடவேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் அல்லர். டிசம்பரில் நூலகத்தில் எடுத்த குறிப்பை மார்ச்சில் திறப்பார்கள். எந்த வரி புத்தகத்தினுடையது, எந்த வரி தன்னுடையது என்று அப்போது அவர்களுக்கே தெரியாது. நோட்டு முழுக்கத் தன் கையெழுத்து. அதனால் எல்லாமே தான் எழுதியது என்று தோன்றிவிடும். அதை அப்படியே தட்டச்சு செய்தால் கதை முடிந்தது.

ஊட்டி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் பக்கம் படித்துக்கொண்டு இந்த மலையைப் பற்றியே எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக இரண்டு சிக்கல் உண்டு. பழைய ஆதாரங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது, எழுதுவதோ தமிழில். இன்னொரு பகுதி ஆதாரம் புத்தகத்திலேயே கிடையாது. ஹட்டியிலும் (படுகர் ஊர்) மந்திலும் (தோடர் குடியிருப்பு) இருக்கிற பெரியவர்கள் வாயில் இருக்கிறது. இரண்டிலும் தவறு நேர்வது சுலபம். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் நோட்டு.

நோட்டில் மூன்று குறி

ஒரு நூலைக் கையில் எடுத்ததும், படிக்கத் தொடங்கும் முன்பே, அதன் தலைப்புப் பக்கத்தையும் அதற்குப் பின்னால் உள்ள பதிப்பு விவரப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு எல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் இருக்கும். உள்ளே ஒரு பக்கத்தைப் படம் எடுத்தால் பக்க எண் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மேல் ஓரம் வெட்டுப்பட்ட படம் எதற்கும் உதவாது. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ பார்த்த நூல் என்றால், விட்டுப்போன ஒரே ஒரு பக்க எண்ணுக்காக மறுபடியும் மலை இறங்கவேண்டி வரும்.

பிறகு ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் மூன்றில் ஒரு குறி போடுங்கள். புத்தகத்தின் வரியை அப்படியே எழுதினால், எழுதும்போதே இரட்டை மேற்கோள்குறி திறந்து, மூடி, பக்க எண். கருத்தை உங்கள் நடையில் எழுதினால் ‘சுரு’ (சுருக்கம்) என்று போட்டுப் பக்க எண். படிக்கும்போது உங்களுக்குத் தோன்றியது என்றால் ‘நான்’. பக்க எண் இல்லாத குறிப்பு ‘நான்’ குறிப்பு மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் எண் இல்லாவிட்டால் அந்தக் குறிப்பு பயன்படாது. மேற்கோள்குறியை ‘அப்புறம் போட்டுக்கொள்ளலாம்’ என்று விடுவதுதான் இந்த முறையில் நடக்கும் ஒரே பெரிய தவறு. அப்புறம் எது என்று தெரியாது.

‘சுரு’ குறிப்பு எழுத ஒரு நல்ல பழக்கம்: பத்தியை இருமுறை படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், பக்கத்தில் இருக்கும் நண்பருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். புத்தகம் திறந்திருக்கையில் எழுதினால் கண் வரியைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும்; அந்த வரியின் எலும்புக்கூடு உங்கள் வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம்

எலும்புக்கூடு என்றால் என்ன என்பதைக் காட்ட, ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம் (இது எடுத்துக்காட்டுக்காக எழுதிய பத்தி; சீகை என்பது வாட்டில் மரம்):

“சோலைகள் மலையின் மடிப்புகளில் ஒதுங்கியும் புல்வெளிகள் சரிவுகளில் பரந்தும் கிடக்கின்றன. மழைநீரைப் புல்வெளி பஞ்சுபோல் உறிஞ்சிச் சிறுகச் சிறுக விடுவதால்தான் கோடையிலும் ஓடைகள் வற்றுவதில்லை. புல்வெளியில் சீகை மரம் நடப்பட்ட பின் இந்த ஒழுங்கு குலைந்தது.”

மாணவர் எழுதுவது:

“சோலைக் காடுகள் மலை மடிப்புகளில் ஒதுங்கியும் புல்தரைகள் சரிவுகளில் விரிந்தும் காணப்படுகின்றன. மழைத்தண்ணீரைப் புல்தரை பஞ்சைப் போல உள்வாங்கி மெல்ல மெல்ல வெளியிடுவதால் வேனிலிலும் ஓடைகள் வறண்டுபோவதில்லை. புல்தரையில் சீகை வளர்க்கப்பட்டதும் இந்த ஒழுங்கு சிதைந்தது.”

பத்துக்கு மேல் சொல் மாறியிருக்கிறது. வாக்கியம் மூன்று, அதே வரிசை, ‘ஒதுங்கியும்... விரிந்தும்’ என்ற அதே அடுக்கு; பஞ்சு உவமையும் அப்படியே. கடைசியில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டாலும் இது சரியாகாது. பெயர் போட்டால் கருத்து அவருடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். நடை உங்களுடையது என்ற பொய் அப்படியே நிற்கும். இதற்குப் பேசாமல் மூன்று வரியையும் மேற்கோள்குறிக்குள் போட்டிருக்கலாம்.

சரியான வழி, அந்தப் பத்தி உங்கள் வாதத்துக்கு எதற்கு வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்வது. நீங்கள் எழுதுவது கோடைத் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி என்றால்:

“கோடையில் ஓடும் நீர், மழைக்காலத்தில் புல்வெளி சேர்த்து வைத்தது என்கிறார் ஆசிரியர் (பெயர், ஆண்டு, ப. எண்). சீகை வந்த பிறகு ‘ஒழுங்கு குலைந்தது’ என்கிறாரே தவிர, எந்த ஓடையில் எவ்வளவு குறைந்தது என்ற அளவை அவர் தரவில்லை. இந்த ஆய்வு அந்த அளவைத் தேடுகிறது.”

இங்கே கடன் வாங்கியது ஒரு கருத்தும் இரண்டு சொல்லும். இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. மீதி உங்கள் வேலை. ஒத்த சொல் அகராதியை வைத்துக்கொண்டு சொல் மாற்றுகிறவருக்கு இந்த மூன்றாவது வகை கைவராது, ஏனென்றால் அவர் பத்தியைப் பார்க்கிறார், தன் கேள்வியைப் பார்ப்பதில்லை.

நேர் மேற்கோள் நீளமாக இருந்தால் வடிவம் மாறும். ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் 40 சொல்லோ அதற்கு மேலோ போனால் மேற்கோள்குறி இல்லாமல் தனிப் பத்தியாக உள்தள்ளி எழுதவேண்டும். எந்த முறை என்பதைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஆய்வேட்டில் இரண்டு முறை கலப்பதுதான் பார்வைக்கு அசிங்கம். தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்து முன்னால் நிற்பதால் துணைநூற் பட்டியல் தயாரிக்கும் சோட்டெரோ போன்ற மென்பொருள் குழம்பும். பெயரை ஒரே பெட்டியில் இடும் வசதி அதில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

மொழிபெயர்த்தால் நம்முடையதாகிவிடாது

இந்த மலைப் பக்கத்தில் அதிகம் காணப்படுகிற, ஆனால் திருட்டு என்றே பலர் நினைக்காத வகை இது. 1908ஆம் ஆண்டு நீலகிரி கெசட்டியரிலிருந்தோ (மாவட்ட விவர நூல்), மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் தோடர்களைப் பற்றி வெளியிட்ட நூலிலிருந்தோ இரண்டு பக்கத்தைத் தமிழாக்கி, தன் அத்தியாயமாக வைப்பது. ‘தமிழ் என்னுடையதுதானே’ என்பது வாதம். தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பை வழிநூலின் வகைகளில் ஒன்றாகத்தான் சொல்கிறது; முதல்நூல் என்று சொல்லவில்லை. இரண்டாயிரம் ஆண்டு மரபுள்ள மொழியில் இதை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வந்து சொல்லித்தரத் தேவையில்லை.

மொழிபெயர்த்த வரிக்கும் மேற்கோள்குறி உண்டு. அடைப்பில் ஆசிரியர், ஆண்டு, பக்கம், அதோடு ‘தமிழாக்கம்: ஆய்வாளர்’. வேறொருவர் தமிழாக்கம் என்றால் அவர் பெயர். கருத்தை மட்டும் எடுத்தால், ஆங்கிலப் பத்தியை மூடிவைத்துவிட்டுத் தமிழில் யோசித்து எழுதுங்கள். கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்த வரி இரண்டு விதத்திலும் கெடுதல்: வரி வேறொருவருடையது, தமிழ் யாருடையதும் அல்ல. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயில் பல்தண்டவாளத்தில் ஏறுகிறது என்று வரவேண்டிய இடத்தில், ஆங்கில ‘ரேக்’ (rack) என்ற சொல்லால் ‘அலமாரி ரயில்’ என்று வந்து நின்றால், தேர்வாளர் எந்த மென்பொருளையும் திறக்கவேண்டியதில்லை.

ரிவர்ஸ் நூலை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை, பின்னால் வந்த ஒரு தமிழ் நூலில் அவரைப் பற்றிய மேற்கோளைத்தான் பார்த்தீர்கள் என்றால், அப்படியே எழுதுங்கள்: ‘ரிவர்ஸ் 1906, எடுத்தாண்டவர் இன்னார், ஆண்டு, பக்கம்’. துணைநூற் பட்டியலில் நீங்கள் பார்த்த நூல் மட்டுமே வரவேண்டும். பார்க்காத நூலைப் பார்த்ததுபோல் எழுதினால் இடையில் இருந்தவர் செய்த தவறும் உங்கள் தலையில் விழும். வாய்மொழித் தேர்வில் ‘அந்த நூலில் எந்த அத்தியாயம்?’ என்ற ஒரு கேள்வி போதும்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான். ரிவர்ஸ் 1922இல் இறந்தார். அவர் நூலை யாரும் அச்சிட்டு விற்கலாம். ஆனால் அவர் பெயரைச் சொல்லாமல் ஆய்வேட்டில் வைக்கக்கூடாது. பதிப்புரிமை சட்டத்தின் கேள்வி, கருத்துத் திருட்டு நேர்மையின் கேள்வி. ஒன்று காலாவதியானாலும் மற்றது ஆகாது. விக்கிப்பீடியாவும் அப்படித்தான்: எடுத்துப் பயன்படுத்த உரிமம் இருக்கிறது, சொல்லாமல் எடுக்க இல்லை. அந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பில் உள்ள மூல நூலுக்குப் போய்விடுவது எல்லாவகையிலும் நல்லது.

உரையாசிரியர் சொன்னதும் கடன்தான்

தமிழ்த் துறை மாணவர்களுக்கு மட்டும். குறிஞ்சிப் பூவைப் பற்றி எழுதுகிறீர்கள், குறுந்தொகை 3ஆம் பாட்டை எடுக்கிறீர்கள். பாட்டுக்குப் பாடல் எண், அடி எண் போதும். பக்க எண் தேவையில்லை, பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். ஆனால் ‘கருங்கோல்’ என்பதற்கு நீங்கள் எழுதும் விளக்கம் உ.வே.சா.வின் உரையிலிருந்து வந்ததா, வேறு உரையிலிருந்தா, உங்களுடையதா? உரை என்றால் பதிப்பு, ஆண்டு, பக்கம் எல்லாம் வேண்டும். பதவுரையை வாக்கியமாகக் கோத்து ‘இப்பாடலில் புலவர் கூறுவது யாதெனில்’ என்று தொடங்கும் பத்திகள் ஆய்வேடுகளில் மலிந்து கிடக்கின்றன. பாட்டுக்குக் குறிப்பு இருக்கும், உரைக்கு இருக்காது. திருட்டு அங்கேதான்.

பெரியவர் வாயால் கேட்டது

நேர்காணலில் கேட்டதை ‘மக்கள் நம்புகின்றனர்’ என்று பொதுவாக எழுதிவிடுவதும் ஒருவகைத் திருட்டுதான். ஒரு படுகர் ஹட்டியில் ஒரு பாட்டி சொன்ன கதை ஒரு மனிதர் சொன்ன கதை. அவருக்கும் நூலாசிரியருக்கு இருக்கும் உரிமை உண்டு. பதிவு செய்யும்போது நாள், ஊர், எந்த மொழியில் சொன்னார், உடன் இருந்து மொழிபெயர்த்தவர் யார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பெயர் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ‘தகவலாளர் 4, பெண், ஊர், நாள்’ என்று எழுதி, எண்ணுக்கும் ஆளுக்கும் உள்ள பட்டியலை உங்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சொல்லக்கூடாத சடங்கு என்று அவர் சொன்னால் அது ஆய்வேட்டில் வரக்கூடாது. குறிப்புப் போட்டாலும் கூடாது.

தோடர், கோத்தர் பாட்டு ஒன்றை எடுத்தால் மூன்று பேர் இருக்கிறார்கள்: பாடியவர், எழுத்தில் பதிந்தவர், தமிழாக்கியவர். மூவரும் வரவேண்டும். பூத்துகுளி (தோடர் போர்வை) வேலைப்பாட்டின் புகைப்படத்துக்கும் எடுத்தவர் பெயர் வேண்டும். ‘நன்றி: இணையம்’ என்று போடுவது ‘நன்றி: உலகம்’ என்பதுபோல. கேள்வித்தாளை முந்தைய ஆய்வு ஒன்றிலிருந்து எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நண்பன் எடுத்த கணக்கெடுப்பை உங்கள் கணக்கெடுப்பாக வைப்பதற்கு மேற்கோள் வழி எதுவும் கிடையாது.

எதற்குக் குறிப்பு வேண்டாம்

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், மலை ரயில் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் இருக்கிறது. இவற்றுக்கு யாரும் ஆதாரம் கேட்கமாட்டார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பொது நூல்களில் குறிப்பில்லாமலே இருந்தால் பொது அறிவு என்று கொள்ளலாம். கணக்கெடுப்பு எண், ஒருவரின் வாதம், ஒருவர் கண்டுபிடித்த விளைவு ஆகியவை பொது அறிவு ஆகா. அதே கொடைக்கானல் ஆய்வகத்தில் 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டதைப் பற்றிப் பேசினால் அவர் பெயர் வந்தே தீரவேண்டும். சந்தேகம் இருந்தால் குறிப்புப் போடுங்கள். அதிகம் போட்டு யாரும் தோற்றதில்லை, கொஞ்சம் எரிச்சல்படுவார்கள், அவ்வளவுதான்.

சதவீதம் என்ன சொல்லும், என்ன சொல்லாது

யுஜிசி 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி முதுகலை, ஆய்வுப் படிப்புகளின் ஆய்வேடுகளில், மற்ற எழுத்துகளோடு உள்ள ஒப்புமை (மென்பொருள் ஒப்பிட்டுக் காட்டும் எண்) 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தரவேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தரமுடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. குறிப்போடு எடுத்த மேற்கோள்கள், துணைநூற் பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகம், பொதுச் சமன்பாடு ஆகியவை கணக்கில் வராது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர் 14 சொல் வரை விடப்படும். ஆனால் ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், முடிவுகள், பரிந்துரைகள் போன்ற பகுதிகளில் ஒப்புமையே கூடாது. பலர் அவசரத்தில் கடைசி நாள் நகலெடுப்பது சரியாக இந்தப் பகுதிகளைத்தான்.

9 சதவீதம் வந்துவிட்டது என்று நிம்மதியாகாதீர்கள். அந்த 9ம் ஒரே நூலின் தொடர்ச்சியான நான்கு பக்கமாக இருந்தால் அது திருட்டுதான். 22 வந்தால் பயந்துபோய்ச் சொல் மாற்ற உட்காரவும் வேண்டாம். அறிக்கையைத் திறந்து நிறம் போட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேற்கோளை ஒற்றைக் குறிக்குள் போட்டிருந்தால் சில மென்பொருள் அதை மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது. இரட்டைக் குறியாக்கினால் எண் இறங்கும். அமைப்புகளின் நீண்ட பெயர்களும் எண்ணை ஏற்றும். அதற்கு ஒன்றும் செய்யவேண்டாம்.

தமிழில் இன்னொரு விஷயம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்பு மென்பொருளுக்கு ஆங்கில எழுத்துக் குவியல். ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் உள்ள தமிழ் ஆய்வேடுகள் சில வெறும் பட வடிவ பிடிஎஃப். அதனால் தமிழ் நகல் மென்பொருளில் தப்பிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. மென்பொருளில் தப்பலாம். உங்கள் தலைப்பில் இதுவரை வந்த ஆய்வேடுகள் எத்தனை இருக்கும்? அவற்றுக்கு வழிகாட்டியாக இருந்தவர்தான் உங்களுக்குப் புறத்தேர்வாளராக வருவார். யூனிகோடில் தட்டச்சு செய்து, உண்மையான எண்ணைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

டிடிபி சென்டரும் சாட்பாட்டும்

தட்டச்சுக்குக் கொடுக்கும் கடைகளில் போன வருடக் கோப்பின் மேலேயே உங்களுடையதை அடிப்பார்கள். சான்றிதழ் பக்கத்தில் வேறு கல்லூரியின் பெயரும், நன்றியுரையில் உங்களுக்குத் தெரியாத ஒரு பேராசிரியரும் நிற்பது அதனால்தான். புதுக் கோப்பில் அடிக்கச் சொல்லுங்கள். அடித்ததை வாங்கி நோட்டோடு வைத்துப் பாருங்கள். அடிக்குறிப்பு எண்களும் மேற்கோள்குறிகளும்தான் முதலில் தொலையும்.

சாட்பாட்டை நூல் பட்டியல் கேட்காதீர்கள். இல்லாத நூலுக்கு இருக்கிற ஆசிரியரின் பெயரைக் கச்சிதமாகப் போட்டுத் தரும், ஆண்டும் பதிப்பகமும்கூட. ஒவ்வொரு நூலையும் நூலகப் பட்டியலிலோ ஐஎஸ்பிஎன், டிஓஐ எண்ணிலோ சரிபார்த்து, திறந்து பார்த்த பிறகே சேருங்கள். எழுத்துப்பிழை திருத்தப் பயன்படுத்தலாமா என்பது துறை சொல்லவேண்டியது. அனுமதி இருந்தால் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இளங்கலையில் கொடுத்த உங்கள் சொந்த ப்ராஜெக்ட்டிலிருந்து எடுத்தாலும் அதைச் சொல்லவேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு பட்டம் கிடையாது.

கொடுத்த பிறகு கண்ணில் பட்டால்

சமர்ப்பித்த மறுநாள் 47ஆம் பக்கத்தில் மேற்கோள்குறி இல்லாமல் ஒரு பத்தி நிற்பதைப் பார்க்கிறீர்கள். பேசாமல் இருந்துவிடத் தோன்றும். அன்றே வழிகாட்டியிடம் போங்கள். கையில் மூன்று கொண்டு போங்கள்: ஆய்வேட்டின் அந்தப் பக்கம், மூல நூலின் அந்தப் பக்கம், திருத்திய பத்தி. நோட்டில் ‘சுரு’ என்று தவறாகக் குறித்தது தெரிந்தால் நோட்டையும் எடுத்துப் போங்கள். தேர்வாளருக்குப் போகும் முன் என்றால் பக்கத்தை மாற்ற வழியிருக்கும். போய்விட்டது என்றால் திருத்தப் பட்டியல் ஒன்றைச் சேர்க்கலாமா என்று அவர் சொல்வார். அந்த ஒரு பத்தியோடு நிறுத்தாமல், அதே நூலிலிருந்து எடுத்த மற்ற குறிப்புகளையும் அன்றிரவே ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். ஒரு நூலில் குறி விட்டுப்போனால், அன்றைக்கு எடுத்த குறிப்பு முழுவதிலும் விட்டுப்போயிருக்கும்.